வாரிசாக வந்த முகம்

மாக்ஸ் ஓஃபுல்ஸின் 'லீபெலை' படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு க்ளோஸப் வருகிறது. வியன்னாவில் வாத்தியக் கோஷ்டி ஒன்றில் வாசிப்பவரின் மகள் கிறிஸ்டீன். அவள் காதலித்த இளம் ராணுவ அதிகாரி, வேறொருவர் மனைவியோடு முன்னால் வைத்திருந்த உறவுக்காகத் துப்பாக்கி த்வந்த்வத்தில் செத்துப்போகிறான். செய்தி கொண்டுவந்தவர்கள் சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள். காமிரா அவர்களை விட்டுவிட்டுக் கிறிஸ்டீனின் முகத்தில் போய் நின்றுகொள்கிறது. அந்த முகத்தில் புரிதல் சிறிது சிறிதாக ஏறுகிறது. அப்புறம் ஜன்னல். 1933-ல் அந்த முகம் மாக்டா ஷ்னைடருடையது.

இருபத்தைந்து வருஷம் கழித்து, 1958-ல், பியேர் காஸ்பார்-ஹுயி என்ற பிரெஞ்சு டைரக்டர் அதே கதையை வர்ணத்தில் எடுத்தார். படத்துக்குப் பெயரே 'கிறிஸ்டீன்'. இம்முறை அந்த வேடத்தில் மாக்டாவின் மகள் ரோமி.

இரண்டாவது படம் படமாக ஒன்றுமில்லை. முதல் படத்தின் பனியும் சறுக்குவண்டியும் நடனமும் இதில் கண்ணாடி அலமாரிப் பொம்மைகளாகிவிட்டன. ஆனால் தாயும் மகளும் ஒரே பெண்ணாக நடித்து ஒரே விதமாகச் சாகிற இந்த இரண்டு படங்களுக்கு நடுவில் கிடக்கிற இருபத்தைந்து வருஷங்கள் சாதாரணமானவை அல்ல. ரோமி ஷ்னைடரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் அந்த இடைவெளியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அவருடைய அழகைப் பற்றியும், ஆலன் டெலானைப் பற்றியும், மாத்திரைகளைப் பற்றியும் வேண்டிய அளவுக்கு எழுதியாகிவிட்டது.

'லீபெலை' நாடகத்தை எழுதிய ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் யூதர். படத்தை எடுத்த ஓஃபுல்ஸும் யூதர். 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் சான்ஸலராகிறார். பிப்ரவரியில் படம் வியன்னாவில் வெளியாகிறது. அந்த மாதக் கடைசியில் பெர்லினில் ரைஷ்டாக் எரிகிறது. மார்ச்சில் படம் பெர்லினுக்கு வருகிறது. சில வாரங்களில் ஓஃபுல்ஸ் குடும்பத்தோடு பாரிஸுக்குப் போய்விட்டார். படம் ஓடிக்கொண்டிருந்தது, டைரக்டர் பெயர் மட்டும் நீக்கப்பட்டது. மே மாதம் எரிந்த புத்தகங்களில் ஷ்னிட்ஸ்லருடையவையும் இருந்தன. அவர் 1931-லேயே இறந்துவிட்டிருந்ததால் அதைப் பார்க்க நேரவில்லை. ஆக, ஒரு யூதர் எழுதி ஒரு யூதர் எடுத்த படத்தில் கிடைத்த பெயரோடு மாக்டா ஷ்னைடர் ஜெர்மனியிலேயே தங்கினார். அடுத்த பன்னிரண்டு வருஷங்கள் இலேசான காதல் படங்கள், பாட்டுப் படங்கள் என்று நடித்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட நடிகை இல்லை. அந்தக் க்ளோஸப்பில் இருக்கிற மாக்டாவைப் பிற்பாடு எந்தப் படத்திலும் காணமுடியவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்டு வாங்கக்கூடியவர் நாட்டைவிட்டே போய்விட்டார்.

மாக்டா மணந்தது வோல்ஃப் ஆல்பாக்-ரெட்டி என்ற ஆஸ்திரிய நடிகரை. சினிமாவில் மென்மையான கதாநாயகன். ஆனால் அந்த வீட்டின் உண்மையான கனம் அவருடைய தாய் ரோஸா ஆல்பாக்-ரெட்டி. வியன்னாவின் பர்க்தியேட்டரில் பல பத்தாண்டுகள் நடித்தவர். ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தி காலத்தில் மேடையேறி, முதல் குடியரசு, ஹிட்லர், நேசநாடுகளின் ஆக்கிரமிப்பு, இரண்டாம் குடியரசு எல்லாவற்றையும் அதே மேடையிலிருந்து பார்த்தவர். 1874-ல் பிறந்து 1980-ல், நூற்றைந்து வயதில் இறந்தார். அவருடைய தகப்பனார் ருடால்ஃப் ரெட்டியும் நடிகரே. பர்க்தியேட்டர் நடிகர் என்றால் வியன்னாவில் அது ஒரு தொழில் இல்லை, ஒரு பதவி. ஆட்சி மாறும், பதவி மாறாது. நடிப்புக் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது நாம் 'ரத்தத்திலேயே ஊறியது' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். ரத்தத்தில் ஊறுவது நடிப்பு மட்டும்தானா என்பதை யாரும் கேட்பதில்லை. யார் ஆண்டாலும் திரை தூக்கியாக வேண்டும் என்கிற தொழில் தர்மமும் அதே வழியாகத்தான் இறங்கி வருகிறது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 17-ந்தேதி ஓர் ஆணை பிறந்தது: யூதப் பெண்கள் எல்லோரும் தங்கள் பெயரோடு 'ஸாரா' என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் 23-ல் வியன்னாவில் மாக்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பாட்டிமாரின் பெயர்களையும், ரோஸா, மரியா, சேர்த்து ரோஸ்மரி என்று பெயர். அதன் சுருக்கம் ரோமி. பிறந்து சில வாரங்களிலேயே குழந்தையைப் பெர்ஷ்டெஸ்காடன் அருகில் ஷோனாவிலிருந்த குடும்ப வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தாயைப் பெற்றவர்கள்தான் வளர்த்தார்கள். தாயும் தகப்பனாரும் படப்பிடிப்பு, படப்பிடிப்பு என்று வெளியிலேயே இருந்தார்கள். அந்த வீட்டுக்குச் சில மைல் தூரத்தில் ஓபர்ஸால்ஸ்பெர்க். அதன்மேல் ஹிட்லரின் மலைவீடு. மாக்டா அங்கே விருந்தாளியாகப் போய்வந்தவர். 1976-ல் பத்திரிகையாளர் அலிஸ் ஷ்வார்ட்ஸரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, தன் தாய்க்கும் ஹிட்லருக்கும் உறவு இருந்ததாகத் தான் நம்புவதாக ரோமி சொன்னார். இதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. பெரும்பாலும் நடந்திருக்காது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் ஒரு மகள் முப்பத்தெட்டு வயதில் அப்படி நம்பிக்கொண்டிருந்தார் என்பது நடந்த விஷயம். என் அக்கறை அதில்தான்.

1945-ல் விவாகரத்து. தகப்பனார் அநேகமாக மகள் வாழ்க்கையிலிருந்தே மறைந்துபோனார். சால்ஸ்பர்க் பக்கத்தில் கோல்டன்ஸ்டைன் என்ற கன்னிமாடப் பள்ளியில் நான்கு வருஷம் விடுதிப் படிப்பு. 1953-ல் மாக்டா கொலோன் நகரத்து ஹோட்டல் முதலாளி ஹான்ஸ் ஹெர்பர்ட் ப்ளாட்ஸ்ஹைமை மணந்துகொண்டார். அதே வருஷம் 'வெள்ளை லைலாக் மீண்டும் பூக்கும்போது' என்று ஒரு படம். அதில் மாக்டாவின் மகளாக நடிக்க ஒரு பெண் தேவைப்பட்டது. மாக்டா தன் மகளைக் கொண்டுவந்தார். டைட்டிலில் பெயர் 'ரோமி ஷ்னைடர்-ஆல்பாக்'. கொஞ்ச நாளில் ஆல்பாக் உதிர்ந்துவிட்டது.

அடுத்து 1954-ல் விக்டோரியா ராணியின் இளமை. 1955, 56, 57-ல் வருஷத்துக்கு ஒன்றாக மூன்று 'ஸிஸி' படங்கள். எல்லாம் எர்ன்ஸ்ட் மாரிஷ்கா எடுத்தவை. பவேரியக் காட்டில் குதிரையோட்டித் திரிந்த எலிஸபெத் என்ற பெண் ஆஸ்திரியச் சக்கரவர்த்தினியாகிற கதை. ஸிஸியின் தாயாக நடித்தவர் மாக்டா. கதைப்படி தாய், மகளை அரியணைக்குக் கொண்டுசேர்க்கிறாள்; படப்பிடிப்புத்தளத்திலும் நடந்தது அதுதான். ஒப்பந்தங்களை மாக்டா பார்த்துக்கொண்டார், பணத்தைச் சிற்றப்பா பார்த்துக்கொண்டார். 1968-ல் ப்ளாட்ஸ்ஹைம் இறந்தபோது அந்தப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சவில்லை.

ஸிஸி படங்களைக் கேலி செய்வது சுலபம். இனிப்புக் கடை மாதிரியான வர்ணங்கள், மான்குட்டிகள், அழுது சிரிக்கும் சக்கரவர்த்தினி. கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் தேதியைப் பார்க்க வேண்டும். 1955 மே 15-ல் ஆஸ்திரிய அரசு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போரில் ஆஸ்திரியாவுக்கும் பொறுப்பு உண்டு என்கிற வாசகம் நகலில் இருந்தது. கையெழுத்துக்கு முதல்நாள் அதை எடுத்துவிட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் அந்நியப் படைகள் வெளியேறின. டிசம்பரில் முதல் 'ஸிஸி' வியன்னாவில் வெளியாயிற்று. ஒரு தேசம் தன் பழைய முகத்தைத் துடைத்துவிட்டு, அதற்கும் பழையதாக, ஹிட்லருக்கும் முந்தியதாக, ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் அதற்குப் பதினேழு வயதுப் பெண்ணின் களங்கமில்லாத கன்னங்கள் கிடைத்தன. பதினேழு வயது என்பதால் அவளுக்கு எதிலும் பங்கில்லை. பங்கிருந்தவர்கள் அவளைச் சுற்றிலும் காமிராவுக்கு முன்னாலும் பின்னாலும் நின்றார்கள். ஆஸ்திரியாவும் மேற்கு ஜெர்மனியும் அந்தப் பெண்ணைக் கொண்டாடியதில் இருந்த வெறியை வேறு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கொண்டாடியது நடிகையை அல்ல, ஒரு நற்சான்றுப் பத்திரத்தை.

நான்காவது ஸிஸிக்குப் பத்து லட்சம் மார்க் தருவதாகச் சொன்னார்கள். ரோமி மாட்டேன் என்றார். அவர் வாழ்க்கையில் வீட்டாரை எதிர்த்துச் சொன்ன முதல் பெரிய 'மாட்டேன்' அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் 'கிறிஸ்டீன்'. இங்கே ஒரு விசித்திரம். தாயின் நிழலிலிருந்து தப்புவதற்கான கதவு தாயின் வேடத்திலேயே இருந்தது. அந்தப் படத்தில் கூட நடித்தவர், அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத ஆலன் டெலான். படம் முடிந்ததும் ரோமி அவரோடு பாரிஸுக்குப் போய்விட்டார். 1959 மார்ச்சில் நிச்சயதார்த்தம், கல்யாணம் நடக்கவேயில்லை. ஜெர்மன் பத்திரிகைகள் இதைத் துரோகமாக எடுத்துக்கொண்டன. தேசத்தின் நற்சான்றுப் பத்திரம் எதிரி தேசத்துக்காரன் ஒருவனோடு ஓடிப்போனால் பின் எப்படி எடுத்துக்கொள்ளும்? அந்தக் கோபம் கடைசிவரை தணியவில்லை.

பாரிஸில் அவர் கற்றுக்குட்டியாக ஆரம்பித்தார். இதை வலியுறுத்திச் சொல்லவேண்டும். மூன்று தேசங்களில் தெரிந்த முகம், பிரெஞ்சு சரியாகப் பேச வராது. விஸ்கான்டி அவரை மேடையில் ஏற்றினார்: ஜான் ஃபோர்டின் பதினேழாம் நூற்றாண்டு நாடகம், அண்ணன் தங்கைக்குள் முறைகெட்ட காதல், டெலான் அண்ணன், ரோமி தங்கை. மாதக்கணக்கில் உச்சரிப்புப் பயிற்சி. குடல்வால் அறுவையால் முதல் காட்சி தள்ளிப்போய், 1961 மார்ச்சில் மேடையேறினார். பர்க்தியேட்டர் குடும்பத்துப் பெண் முதல் தடவையாக மேடையில் நின்றது வேற்று மொழியில், வேற்று நாட்டில். குடும்பத்திலிருந்து வந்த எதுவும் அங்கே உதவியிருக்காது. சொந்த மொழியில் நடிகைக்குத் தானாகவே கிடைத்துவிடுகிற இனிமை, குழைவு எல்லாம் அந்நிய மொழியில் செல்லுபடியாகாது. ஒவ்வொரு சொல்லையும் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். பிற்காலத்துப் படங்களில் அவர் பேச்சில் தெரிகிற சின்னத் தயக்கம், சொல்லைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நிற்பது, அங்கிருந்து வந்ததாகத்தான் எனக்குக் கேட்கிறது. ஜெர்மன் உச்சரிப்பை அவர் முழுக்க விடவும் இல்லை, விட முயன்றதாகவும் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் 'பொக்காச்சியோ 70'-ல் விஸ்கான்டி எடுத்த பகுதி. பணக்கார இளம் மனைவி. கணவன் விலைமாதரிடம் போய்வந்தது பத்திரிகைகளில் சந்தி சிரிக்கிறது. அவள் கோபப்படுவதில்லை. தனக்கும் ஒரு உத்தியோகம் வேண்டும் என்கிறாள். இனி கணவன் தன்னோடு படுப்பதற்கும் அதே கட்டணம் தர வேண்டும் என்று கணக்குப் போடுகிறாள். முடிவில் முகத்தில் கண்ணீர் இறங்குகிறது. அதே 1962-ல் ஆர்ஸன் வெல்ஸ் காஃப்காவின் 'விசாரணை'யைப் படமாக்கியபோது, கைவிடப்பட்ட ஓர்ஸே ரயில் நிலையத்தின் இருட்டில், வக்கீல் வீட்டுப் பணிப்பெண் லேனியாக வந்தார். விரல்களுக்கு நடுவில் சவ்வு. இரண்டு வருஷங்களில் ஸிஸி எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று அன்று பார்த்தவர்கள் திகைத்திருப்பார்கள். ப்ரெமிங்கரின் 'கார்டினல்' (1963) படத்தில் 1938 வியன்னாவில் நாஜிகளிடம் அகப்படும் பெண். தான் பிறந்த வருஷத்துக்கு, தான் பிறந்த ஊருக்கு, வீட்டார் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் நுழைந்தது அதுவே முதல் தடவை.

1964-ல் க்ளூஸோ 'நரகம்' என்ற படத்தை ஆரம்பித்தார். பொறாமையில் பைத்தியமாகிற கணவன் பார்வையில் மனைவியின் முகம். அதற்காக ரோமியின் முகத்தில் சுழலும் விளக்குகளையும், நீல உதட்டுச் சாயத்தையும், எண்ணெயில் ஒட்டிய மினுக்குத் துகள்களையும் வைத்து நாள்கணக்கில் சோதனைகள் செய்தார். கதாநாயகனாக இருந்தவர் நோயில் விலக, க்ளூஸோவுக்கு மாரடைப்பு வர, மூன்று வாரத்தில் படம் நின்றது. சுருள்கள் டப்பாக்களில் கிடந்தன. 2009-ல் ஸெர்ஜ் ப்ரோம்பெர்க் அவற்றை வைத்து ஓர் ஆவணப்படம் செய்தார். அந்தத் துண்டுகளில் கதை இல்லை, பேச்சு இல்லை, வெளிச்சம் ஒரு முகத்தின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த முகம் நிமிஷத்துக்கு நிமிஷம் வேறொருத்தியுடையதாகிறது. நம் காலத்து முழுப்படங்கள் பலவற்றைவிட எனக்கு அந்தக் குறைப்பிரசவம் முக்கியமாகப் படுகிறது.

அதற்குள் டெலான் போய்விட்டிருந்தார். 1966-ல் ரோமி ஹாரி மேயன் என்ற ஜெர்மன் நடிகர்-டைரக்டரை மணந்து பெர்லினில் குடியேறினார். மேயனின் தகப்பனார் யூதர். மேயனே இளைஞராக வதைமுகாமில் இருந்தவர். அந்த வருஷ டிசம்பரில் பிறந்த பையனுக்கு டாவிட் என்று பெயர் வைத்தார்கள். ஓபர்ஸால்ஸ்பெர்க்கின் அடிவாரத்தில் வளர்ந்த பெண் அந்த வீட்டில் மருமகளானார் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

1970-ல் க்ளோத் ஸோத்தேயின் 'வாழ்வின் விஷயங்கள்' வந்தது. அதிலிருந்து 1978 வரை ஐந்து படங்கள். ஸோத்தே ரோமியிடம் கண்டது மற்றவர்கள் காணாதது: முப்பது வயது. நாடகம் பண்ணாத, வேலைக்குப் போகிற, தனக்கென்று அறை வைத்திருக்கிற, யாரை நேசிக்கிறோம் என்பதில் குழப்பமும் அந்தக் குழப்பத்தில் ஒரு கண்ணியமும் உள்ள பெண். முதல் படத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரு சொல்லைத் தேடுகிற காட்சி இருக்கிறதே, அது ஒன்று போதும். கிழவிகளும் சக்கரவர்த்தினிகளும் நிறைந்த அந்தக் குடும்பத்து வேடப் பெட்டியில் இந்தப் பெண்ணுக்கான உடை இல்லை. இவளை அவரே தைத்துக்கொண்டார். 1971 ஜூனில் 'ஷ்டெர்ன்' பத்திரிகையில், தாங்கள் கருக்கலைப்புச் செய்துகொண்டவர்கள் என்று 374 பெண்கள் சட்டத்தை மீறிப் பகிரங்கமாகச் சொன்னபோது அவர்களில் ரோமியும் ஒருவர். அட்டைப்படத்திலும் இருந்தார். ஸிஸியைக் கன்னியாகவே வைத்திருக்க விரும்பிய தேசத்துக்கு அது இரண்டாவது அடி.

1973-ல் வெளியான விஸ்கான்டியின் 'லுட்விக்'-கில் மறுபடியும் அதே எலிஸபெத். அரண்மனைகளாகக் கட்டித் தள்ளும் பித்துப் பிடித்த பவேரிய மன்னனின் உறவுக்காரியாகக் கறுப்பு உடையில் வருகிறாள். ஹெரன்கீம்ஸே அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் தனியாக நடந்துபோகிறவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். வெறும் சிரிப்பு. மாரிஷ்காவின் மூன்று படங்களுக்கும் எழுதப்பட்ட மிகச் சிறந்த விமரிசனம் அந்தச் சிரிப்புத்தான். எழுதியவரும் அதே நடிகை.

இனி அந்த மற்றப் படங்கள். 'ரயில்' (1973), 'பழைய துப்பாக்கி' (1975), ஹைன்ரிஷ் போல் நாவலிலிருந்து 'ஒரு பெண்ணுடன் குழுப்படம்' (1977), கடைசியாக 'ஸான்-ஸூஸியின் வழிப்போக்கி' (1982). திரும்பத் திரும்ப அந்தக் காலத்துக்கே போகிறார், பெரும்பாலும் பலியாகிறவர்கள் பக்கத்திலிருந்து. இதைப் பிராயச்சித்தம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் சம்மதமில்லை. பிராயச்சித்தத்துக்கு ஒரு முடிவு உண்டு. செய்தவர் எழுந்து குளித்துவிட்டுப் போகலாம். மேலும் சினிமாவுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. 'பழைய துப்பாக்கி'யில் நாஜிப் படை ஒரு கிராமத்தையே கொன்றுவிட்டு, கதாநாயகியை நெருப்பு பீச்சும் கருவியால் கொளுத்துகிறது. 1944-ல் ஓராதூர் கிராமத்தில் நடந்ததை ஒட்டியது. அந்த முகத்தின் அழகை முன்னும் பின்னுமாகக் காட்டிக்காட்டி, அது எரிந்ததற்காகப் பார்வையாளனைப் பழிவாங்கலில் ருசி கொள்ள வைக்கிற படம் அது. முதல் ஸெஸார் விருது விழாவில் சிறந்த படமாயிற்று. எனக்கு அதைப் பார்த்துவிட்டு உடம்பு கூசிற்று.

'ரயில்' வேறு. 1940 மேயில் ஜெர்மன் படைக்கு முன்னால் ஓடுகிற சரக்கு ரயிலில் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரனும், தப்பி வந்த ஜெர்மன் யூதப் பெண் அன்னாவும். சில நாள் உறவு, பிரிவு. சில வருஷம் கழித்துப் போலீஸ் அவனைக் கூப்பிடுகிறது. இந்தப் பெண்ணைத் தெரியுமா? தெரியாது என்கிறான். அவளும் அவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. அவன் எழுந்து கதவுவரை போகிறான், போகவிடுகிறார்கள். திரும்பி வந்து அவள் முகத்தைக் கையால் தொடுகிறான். அதோடு இரண்டு பேரும் தொலைந்தார்கள். ட்ரான்டின்யான் தொடுகிற வரையில் ரோமியின் முகம் ஒரு சுவர். அவன் பிழைத்துப்போக வேண்டும் என்பதற்காகக் காதலை முகத்திலிருந்து அடியோடு எடுத்துவிட்ட பெண். தொட்டவுடன் அந்தச் சுவர் சரிகிறது. அவனுடைய அழிவும் அவளுடைய சந்தோஷமும் ஒரே கணத்தில் வந்து விழுகின்றன. தெரியாது என்று சொல்லிவிட்டுப் பத்திரமாக வெளியே போனவர்களின் குடும்பத்தில் பிறந்தவர் இதை நடித்திருக்கிறார். 'லீபெலை'யில் மாக்டாவின் முகத்தில் புரிதல் ஏறிய அந்தக் க்ளோஸப்புக்கு மகள் தந்த பதில் 'கிறிஸ்டீன்' அல்ல, இது.

1975-ல் ஸுலாவ்ஸ்கியின் 'முக்கியமானது நேசிப்பதே'. முதல் காட்சி: நாலாந்தரப் படம் ஒன்றின் படப்பிடிப்பு. சந்தர்ப்பம் தவறிய நடிகை, ரத்தம் பூசிக் கிடக்கிற ஒருவன்மேல் உட்கார்ந்துகொண்டு 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. டைரக்டர் கத்துகிறார். ஓரத்திலிருந்து ஒரு புகைப்படக்காரன் படமெடுக்கிறான். அவள் அவனைப் பார்த்துவிடுகிறாள். படம் எடுக்காதே என்று கெஞ்சுகிறாள்; நான் நடிகை, எனக்கு நல்லதும் செய்யத் தெரியும் என்கிறாள். மஸ்காரா கரைந்து ஓடுகிறது. அதற்காக முதல் ஸெஸார் விழாவிலேயே சிறந்த நடிகை விருது கிடைத்தது. இரண்டாவது ஸெஸார் ஸோத்தேயின் 'ஓர் எளிய கதை'க்காக.

1977-ல் இரண்டாவது கணவர் மூலம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஸாரா என்று பெயரிட்டார். தான் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் ஆணை போட்டு லட்சக்கணக்கான பெண்கள்மேல் முத்திரையாகக் குத்தப்பட்ட பெயர்.

கடைசி வருஷங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதுகிறவர்களெல்லாம் அங்கேதான் சுறுசுறுப்பாகிறார்கள். 1979-ல் ஹாம்பர்க்கில் மேயன் தற்கொலை செய்துகொண்டார். 1981 ஜூலை 5-ல் டாவிட், பதினாலு வயது, வேலி ஏறிக் குதிக்கப் போய் கம்பி குத்தி இறந்தான். மருத்துவமனையில் செவிலியர் வேஷத்தில் நுழைந்து பையனின் சடலத்தைப் படமெடுத்தார்கள் என்று அடுத்த வருஷம் ரோமியே தொலைக்காட்சியில் சொன்னார். இதற்கு முன் வருஷம்தான் தாவெர்னியேயின் 'நேரடி ஒளிபரப்பில் மரணம்' வெளியாகியிருந்தது. சாகப்போகிறாள் என்று சொல்லப்பட்ட ஒரு பெண். கண்ணுக்குள்ளேயே காமிரா பொருத்தப்பட்ட ஒருவன் அவளுக்குத் தெரியாமல் அவள் சாவைத் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்கிறான். சினிமா முன்கூட்டியே எழுதிவைத்தது என்றெல்லாம் நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். பதினைந்து வயதிலிருந்து அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்றவருக்கு அதன் குணம் தெரிந்திருந்தது, அதனால் அந்த வேடம் நன்றாக வந்தது.

'ஸான்-ஸூஸியின் வழிப்போக்கி' ஜோஸப் கெஸ்ஸல் நாவல். நாஜிகள் தகப்பனைக் கொன்று காலை முடமாக்கிவிட்ட ஒரு யூதச் சிறுவனை எடுத்து வளர்க்கிற ஜெர்மன் பெண் எல்ஸா. படம் டாவிட்டுக்கும் அவன் தகப்பனாருக்கும் என்று சமர்ப்பணத்தோடு ஆரம்பிக்கிறது. படமாகத் தொளதொளப்பு, இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் போட்ட தையல் பிரிந்து தெரிகிறது. ஆனால் சிறுவன் வயலின் வாசிக்க எல்ஸா கேட்டுக்கொண்டிருக்கிற காட்சியில் காமிரா அவர் முகத்தை விட்டு நகர்வதில்லை. அதை நடிப்பு என்று எடைபோட எனக்குத் தைரியம் இல்லை. அப்படி எடைபோடக் கூடாது என்று சொல்லிவிட்டாலும் அவருக்கு அநியாயம்; அவர் அங்கே உட்கார்ந்திருந்தது நடிகையாக, சம்பளத்துக்கு, ஒவ்வொரு டேக்காக.

1982 மே 29-ந்தேதி காலை பாரிஸில் இறந்தார். வயது நாற்பத்துமூன்று. இதயம் நின்றது என்றார்கள். பாட்டி ரோஸா இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாக்டா 1996 வரை இருந்தார். பாரிஸுக்கு மேற்கே பொவாஸி-ஸான்ஸ்-ஆவுவார் என்ற சின்னக் கிராமத்தின் இடுகாட்டில் புதைத்தார்கள். டெலான் முன்னின்று டாவிட்டையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார். கல்லில் ஷ்னைடர் என்ற பெயர் இல்லை. ரோஸ்மரி ஆல்பாக் என்று இருக்கிறது.